ரூஸ் என்ற பெயர் யாருடையது? வைக்கிங்குகளும் பழைய சிலாவிய நாடும்

மணிமுத்தாறு:
என் அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு நாட்டை அக்கம்பக்கத்து நாட்டுக்காரர்கள் என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று தேடித் தேடி நோட்டில் எழுதி வைப்பது அவளுக்கு இப்போது பெரிய பொழுதுபோக்கு. நேற்று வந்து, "அத்தை, பின்லாந்துக்காரங்க சுவீடனை ருவோட்சின்னு சொல்றாங்க, எஸ்தோனியாவுல ரோட்சி. கேட்டா ரஷ்யா மாதிரியே இருக்கு. ஆனா ரஷ்யாவுக்கு அவங்க வேற பேர் வெச்சிருக்காங்க, ஏன்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஸ்காண்டிநேவியாவில் இருந்து படகில் வந்த வைக்கிங்குகள்தான் ரஷ்யாவுக்குப் பெயர் வைத்தார்கள் என்று எங்கேயோ அரைகுறையாகப் படித்த ஞாபகம் மட்டும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொன்னால் அவளுக்கு அப்படியே படித்துக் காட்டுவேன்.

நெய்தல்நிலவன்:
அவள் சரியான நூலைப் பிடித்திருக்கிறாள் அக்கா. இந்தப் பெயர்க்கதை முழுவதையும் அந்த ருவோட்சியில் இருந்துதான் அவிழ்க்க வேண்டும்.

பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் துடுப்புப் போடுவதைக் குறிக்கும் வேர்ச்சொல் ஒன்று உண்டு, ரோத்ஸ் என்பது போன்ற ஒலி. சுவீடனின் கிழக்குக் கரையில் இருந்து படகு வலித்துக்கொண்டு வந்தவர்கள் தங்களை அந்தச் சொல்லை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள், துடுப்புக்காரர்கள் என்ற பொருளில். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ரூஸ்லாகன் என்ற கடற்கரைப் பகுதி இருக்கிறது, அதிலும் இதே வேர்தான். அந்தச் சொல்லை முதலில் காதில் வாங்கியவர்கள் எதிர்க்கரையில் இருந்த பின்னிய மொழிக்காரர்கள், அவர்கள் வாயில் அது ருவோட்சி ஆனது. அவர்களுக்கும் தெற்கே இருந்த சிலாவியர்கள், அதாவது இன்றைய ரஷ்யர், உக்ரைனியர், பெலாரூசியரின் முன்னோர்கள், அதைக் கேட்டு ரூஸ் என்றார்கள். ஒலி இப்படி மாறுமா என்று சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது: பின்லாந்துக்காரர்கள் தங்கள் நாட்டைச் சுவோமி என்பார்கள், பழைய சிலாவிய ஏடுகளில் அது சூம் என்று வருகிறது. சுவோமி சூம் ஆனால் ருவோட்சி ரூஸ் ஆவதில் வியப்பில்லை.

ஆக, பின்லாந்துக்காரர்கள் பெயரைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்கள், அதனால் அவர்களுக்கு ருவோட்சி என்றால் இன்றும் சுவீடன். சிலாவியர்கள் நாட்டில் அந்தப் பெயர் ஆளோடு ஆளாக ஆற்று வழியே தெற்கே இறங்கி, கடைசியில் மண்ணுக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. ரஷ்யாவுக்குப் பின்லாந்தில் வெனாயா என்று பெயர், அது சிலாவியர்களைக் குறித்த வெனெதி என்ற மிகப் பழைய பெயரில் இருந்து வந்தது. அப்படியே லாத்வியாவில் என்ன சொல்கிறார்கள் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கிரியெவியா! லாத்வியர்களுக்குப் பக்கத்தில் குடியிருந்த கிரிவிச்சி என்ற சிலாவிய இனத்தின் பெயர் அது. யார் யாருக்கு எந்த அண்டைவீட்டுக்காரன் பழக்கமோ, அவன் பெயரே ஒரு பெரிய நாட்டுக்குப் பெயராகியிருக்கிறது.

பழைய வாசகர்:
நான் இதில் மாறுபடுகிறேன், வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மாஸ்கோவில் அச்சாகி இங்கே மலிவு விலைக்கு வந்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். கீவுக்குத் தெற்கே தினீப்பரில் கலக்கும் ரோஸ் என்ற ஆறு இருக்கிறது, அந்த ஆற்றங்கரை மக்களின் பெயர்தான் ரூஸ் ஆனது என்றுதான் எங்கள் காலத்தில் படித்தோம். வெளியே இருந்து நாலு படகில் வந்தவன்தான் நாடு அமைத்துக் கொடுத்தான், உள்ளூர்க்காரனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. 1749இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் முல்லர் என்ற ஜெர்மானிய அறிஞர் இதே கருத்தை உரையாக எழுதியபோது ரஷ்ய அறிஞர் லமனோசவ் கொதித்து எழுந்தார், அந்த உரை வாசிக்கப்படவே இல்லை. லமனோசவ் சாதாரண ஆளில்லை. அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது.

நெய்தல்நிலவன்:
ஐயா, லமனோசவின் கோபம் எனக்கும் புரிகிறது. தன் மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று இன்னொருவர் எழுதும்போது யாருக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனால் ரோஸ் ஆற்றுக் கதை மொழியியலில் நிற்கவில்லை. அந்த ஆற்றின் பழைய பெயரில் இருந்தது மிகக் குறுகிய ஓர் உயிரொலி, பிற்காலத்தில் அதுதான் ஓகாரம் ஆனது. ரூஸ் என்பதில் இருப்பது முழு ஊகாரம். பழைய சிலாவியத்தில் இவை இரண்டும் தனித்தனி ஒலிகள், ஒன்று மற்றொன்றாக மாறாது.

அப்புறம் 839ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிவிட வழியே இல்லை. பைசாந்தியப் பேரரசர் தியோபிலஸ் அனுப்பிய தூதர்கள் ரைன் ஆற்றங்கரை இங்கெல்ஹைமில் இருந்த பிராங்கிய அரசர் லூயியிடம் போகிறார்கள். கூடவே வேறு சிலரும் போகிறார்கள். தங்கள் இனத்தின் பெயர் ரோஸ், தங்கள் அரசர் காகன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வந்த வழியில் கொடிய கூட்டங்கள் இருப்பதால் உங்கள் நாட்டு வழியாக ஊர் திரும்ப விடுங்கள் என்று கேட்கிறார்கள். லூயிக்குச் சந்தேகம், விசாரித்துப் பார்க்கிறார், இவர்கள் சுவீடர்கள் என்று தெரிகிறது. இது பெர்த்தீன் ஆண்டுக்குறிப்பில் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்தது. அதே குறிப்பில் காகன் என்ற பட்டத்தையும் கவனியுங்கள், அது புல்வெளித் துருக்கியர்களும் கசார்களும் வைத்திருந்த பட்டம். வடக்கில் இருந்து வந்த ஆட்கள் 839க்குள்ளேயே கிழக்கு அரசியலில் இவ்வளவு ஊறிப்போயிருக்கிறார்கள்.

நீங்கள் சொன்ன இன்னொரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். உள்ளூர்க்காரனுக்கு ஒன்றும் தெரியாது என்பது பச்சைப் பொய். "எங்கள் நாடு பெரியது, வளமானது, ஒழுங்குதான் இல்லை, வந்து ஆளுங்கள்" என்று கெஞ்சி, வரேகியர்கள் எனப்பட்ட ஸ்காண்டிநேவியரின் தலைவன் ரூரிக்கையும் தம்பிகளையும் அழைத்ததாகச் சொல்லும் 862ஆம் ஆண்டுக் கதை, 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கீவ் துறவிகள் தொகுத்த வரலாற்றேட்டில் இருக்கிறது. நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் நடுவே 250 ஆண்டு இடைவெளி. ஆளும் குடும்பத்துக்கு ஒரு நியாயம் வேண்டும் என்று பின்னால் சொன்ன கதையாகத்தான் நான் அதைப் படிக்கிறேன். அதே ஏட்டில் அதற்குச் சற்று முன்னால், இதே மக்கள் வரி கேட்ட வரேகியர்களைக் கடலுக்கு அப்பால் துரத்தியடித்தார்கள் என்றும் இருக்கிறது, அதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு.

தூரத்துப்பறவை:
நான் மருத்துவம் படித்தது உக்ரைனில் தினீப்பர் ஆற்றங்கரையில் உள்ள சபரோஷியாவில், போருக்கு முன்பு. வகுப்பு முடிந்தால் ஆற்றங்கரைதான் எங்களுக்கு. அந்த ஊர்ப் பெயருக்கு அருவிகளுக்கு அப்பால் என்று பொருள் என்று உள்ளூர் நண்பன் ஒருவன் சொன்னபோது, அருவி எங்கேடா என்று கேட்டேன். தண்ணீருக்குள்ளே என்றான். 1932இல் பெரிய அணை கட்டி முடித்தபோது தினீப்பரின் பாறை வேகப்பாய்ச்சல்கள் எல்லாம் நீர்த்தேக்கத்தின் அடியில் போய்விட்டன.

அந்தப் பாறைகளுக்கு இரண்டு மொழிகளில் பெயர் எழுதி வைத்த ஒரு மனிதர் இருக்கிறார் என்று பிறகு படித்தேன், அன்றிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை. கான்ஸ்டன்டைன் என்ற பைசாந்தியப் பேரரசர் 950 வாக்கில் தன் மகனுக்காக ஒரு நூல் தொகுத்தார். ரூஸ் வணிகர்கள் மரத்தைக் குடைந்து செய்த படகுகளில் கீவில் இருந்து கிளம்பி எப்படிக் கருங்கடலுக்கு வருகிறார்கள் என்று அதில் வரிசையாகச் சொல்கிறார். நடுவில் ஏழு பாய்ச்சல்கள். ஒவ்வொன்றுக்கும் ரூஸ் மொழியில் இந்தப் பெயர், சிலாவிய மொழியில் இந்தப் பெயர் என்று எழுதுகிறார். முதல் பாய்ச்சலின் பெயர் எஸ்ஸூபி, தூங்காதே என்று பொருள். இரண்டாவது ரூஸ் மொழியில் உல்வோர்சி, சிலாவியத்தில் ஒஸ்த்ரோவுனிப்ராக், இரண்டுக்குமே தீவுப் பாய்ச்சல் என்று பொருள். இன்னொன்று கெலாந்திரி, இரைச்சல் போடுவது. நான்காவது மிகப் பெரியது, ரூஸ் பெயர் ஐபோர், அங்கே படகைத் தண்ணீரில் விடவே முடியாது. சரக்கை இறக்கி, சங்கிலியில் கட்டிய அடிமைகளைக் கரையோரமாக ஆறு மைல் நடத்திக் கூட்டிப்போய், படகை இழுத்தும் தோளில் சுமந்தும் கடந்திருக்கிறார்கள்.

இந்த ரூஸ் பெயர்களைப் பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் வைத்துப் பார்த்தால் பொருள் விளங்குகிறது. அதைவிட எனக்கு உடம்பு சிலிர்த்தது வேறொன்றில். பால்டிக் கடலில் காத்லாந்து தீவில் பில்கோர்ட் என்ற இடத்தில் கிடைத்த கல் ஒன்று, ரூன் என்ற பழைய ஸ்காண்டிநேவிய எழுத்தில் வெட்டியது, இறந்துபோன ராவ்ன் என்பவனுக்காகச் சகோதரர்கள் நட்டது, "ஐபோர் வரை வெகுதூரம் வந்தார்கள்" என்று சொல்கிறது. அதே பாய்ச்சலின் பெயர்! ஒரு பக்கம் கிரேக்க மொழியில் பேரரசரின் நூல், இன்னொரு பக்கம் எங்கோ வடக்கே ஒரு குடும்பத்தின் நினைவுக்கல். இரண்டிலும் ஒரே பாறை.

பாய்ச்சல்களைத் தாண்டியதும் ஒரு தீவில் மாபெரும் ஓக் மரத்தடியில் சேவல்களைப் பலியிடுவார்கள் என்றும் கான்ஸ்டன்டைன் எழுதுகிறார். அது இன்றைய ஹோர்த்தித்சா தீவு, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சைக்கிளில் சுற்றிய இடம். 1928இல் அணை வேலை நடக்கும்போது அந்தப் பக்கத்து ஆற்றடியில் 10ஆம் நூற்றாண்டு வாள்கள் கிடைத்தன. 972இல் கீவ் அரசர் ஸ்வியாத்தோஸ்லாவ் பாய்ச்சல்களைக் கடக்க முயன்றபோதுதான் பெச்செனேகர்கள் என்ற புல்வெளி நாடோடிகள் மறைந்திருந்து அவரைக் கொன்றார்கள்.

மேகலா:
படிக்கப் படிக்க நன்றாக இருக்கிறது. ஒரு சின்னக் கேள்வி. ஸ்வியாத்தோஸ்லாவ் என்பது முழுக்கச் சிலாவியப் பெயர்தானே? அவருடைய அப்பா இகோர், அம்மா ஓல்கா. எங்கள் அலுவலகத்தில்கூட ஓல்கா என்ற உக்ரைன்காரப் பெண் வேலை செய்தார், இதைவிடச் சிலாவியமான பெயர் இருக்க முடியாது என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன்.

நெய்தல்நிலவன்:
ஓல்கா என்பது ஹெல்கா, மேகலா. இகோருக்கு முன் கீவை ஆண்ட ஓலெக்கின் பெயர் ஹெல்கி. சிலாவிய வாயில் தொடக்கத்து ஹெ போய் ஓ வந்துவிட்டது. இகோர் என்பது இங்வர். நடுவில் இருந்த ஙகரம் எங்கே போனது என்று கேட்பீர்கள், பழைய கிழக்குச் சிலாவியத்தில் மூக்கொலிகள் மறைந்துபோன காலம் அது. ஆனால் வேற்று மொழிக்காரர்கள் காதில் அப்போதும் அது கேட்டிருக்கிறது. கான்ஸ்டன்டைன் இங்கோர் என்றுதான் எழுதுகிறார், லத்தீனில் எழுதிய லியுத்பிராந்த் இங்கெர் என்கிறார். கிரேக்கர்களோடு ரூஸ்கள் 911இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தூதர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன: கார்ல், இங்கெல்த், பார்லோப், வெர்முத், ருலாவ் என்று போகிறது. அந்தப் பட்டியலில் சிலாவியப் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஒரு தலைமுறை கழித்து இங்வரும் ஹெல்காவும் தங்கள் பிள்ளைக்கு ஸ்வியாத்தோஸ்லாவ் என்று பெயர் வைக்கிறார்கள். இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். பிள்ளைக்குப் பெயர் வைப்பது வீட்டுக்குள் நடக்கிற காரியம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தாலாட்டுப் பாடியவள், பால் கொடுத்தவள், கூட விளையாடியவன் எல்லாரும் சிலாவிய மொழி பேசினால் பிள்ளையும் அதைத்தான் பேசும். அவருடைய மகன் விளாதிமிர், பேரன் யாரோஸ்லாவ். ஆனால் பழைய பெயர்களையும் தூக்கிப் போடவில்லை. ஓலெக், இகோர், ஓல்கா மூன்றும் சிலாவியப் பெயர்களாகவே இன்றுவரை பிள்ளைகளுக்கு வைக்கப்படுகின்றன.

பழைய வாசகர்:
தம்பி, ஆற்றின் பெயர் விஷயத்தில் நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன், அந்த ஒலி வேறுபாடு எனக்குத் தெரியாது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன அதே ஒப்பந்தங்களை வைத்தே ஒன்று கேட்கிறேன். பெயர் எல்லாம் கார்ல், இங்கெல்த். சரி. சத்தியம் யார் மேல் செய்தார்கள்? ஸ்காண்டிநேவியத் தெய்வங்களான ஓடின் மேலா, தோர் மேலா? ஏட்டில் இருப்பது பெரூன், வோலோஸ். இரண்டும் சிலாவியத் தெய்வங்கள். ஆயுதத்தைக் கீழே வைத்து, வந்தேறிய நாட்டின் சாமி மேல் ஆணையிடுகிறான் என்றால் யார் யாரை மாற்றினார்கள்?

இன்னொன்று. இதே வைக்கிங்குகள் இங்கிலாந்துக்குப் போனார்கள். அங்கே கிரிம்ஸ்பி, விட்பி, டெர்பி என்று நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு அவர்கள் மொழியில் பெயர் இருக்கிறது, அங்கே அந்த "பி" என்றாலே ஊர் என்றுதான் பொருள். முட்டைக்கும் வானத்துக்கும் ஆங்கிலத்தில் இன்று புழங்கும் சொற்களே அவர்கள் கொடுத்தவை. அப்படி ரஷ்யாவிலோ உக்ரைனிலோ ஊர் ஊராகக் காட்ட முடியுமா? நொவ்கோரத் என்றால் புதிய நகரம், அது சிலாவியம். பெலோஓசெரோ வெள்ளை ஏரி, அதுவும் சிலாவியம். கீவுக்கும் அவர்கள் பெயர் வைக்கவில்லை.

நெய்தல்நிலவன்:
காட்ட முடியாது ஐயா, அதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி என்று நானும் நினைக்கிறேன். இங்கிலாந்துக்குப் போனவர்கள் நிலம் பிடித்து உழுது குடும்பத்தோடு உட்கார்ந்தார்கள். வயலுக்கும் வரப்புக்கும் ஓடைக்கும் பெயர் வைப்பவன் உழவன்தான். கிழக்கே வந்தவர்களை இழுத்தது வெள்ளி. அரபு நாட்டுத் திர்ஹம் காசுகள். காத்லாந்தில் ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணையில் 1999இல் கிடைத்த புதையலில் மட்டும் 67 கிலோ வெள்ளி, 14,000க்கும் மேற்பட்ட காசுகள், பெரும்பாலும் இஸ்லாமிய நாட்டுக் காசுகள். மென்மயிர்த் தோலையும் தேனையும் மெழுகையும் அடிமைகளையும் கொண்டுபோய் விற்று வாங்கிய பணம் அது. இப்படி வந்தவனுக்கு ஆற்று வழி தெரிய வேண்டும், தங்க நாலு கோட்டை வேண்டும், அவ்வளவுதான். அதனால் அவன் பெயர் வைத்தது பாறைக்கும் பாய்ச்சலுக்கும்.

ஊர்களுக்குத் தனக்குள் பேசிக்கொள்ள ஒரு பெயர் வைத்திருந்தான். நொவ்கோரத் ஹோல்ம்கார்த், கீவ் கேனுகார்த், போலத்ஸ்க் பால்தெஸ்க்யா, கான்ஸ்டான்டிநோபிள் மிக்லகார்த், மொத்த நாட்டுக்கும் கார்தரீக்கி, கோட்டை ஊர்களின் நாடு. சாகாக்கள் எனப்படும் ஐஸ்லாந்துப் பழங்கதைகளில் இந்தப் பெயர்கள் நிறைய வரும். எல்லாவற்றிலும் முந்தியது லதோகா. மரவளையங்களை எண்ணிப் பார்த்ததில் அங்கே கிடைத்த பழைய மரம் 753 வாக்கில் வெட்டப்பட்டது என்று தெரிகிறது. அந்தப் பெயரோ இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. தாழ்ந்த ஆறு என்ற பொருளில் பின்னியர்கள் வைத்தது, அது ஸ்காண்டிநேவியர் வாயில் ஆல்தெய்க்யா, சிலாவியர் வாயில் லதோகா. இந்தப் பின்னிய மக்களைச் சண்டையில் இரண்டு பக்கமும் மறந்துவிடுகிறது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ரூரிக்கை அழைத்ததாகச் சொல்லும் கூட்டத்திலேயே சூத், வெஸ் என்று பின்னிய இனங்கள் இருக்கின்றன.

சொற்கள் கொஞ்சம் இருக்கின்றன. நங்கூரத்துக்கு யாக்கர், சாட்டைக்குக் கினூத், ஹெர்ரிங் மீனுக்கு சேல்த், இதெல்லாம் வடக்கில் இருந்து வந்தவை. யாபேத்னிக் என்று ஒரு சொல், முதலில் அரசு அதிகாரி என்று பொருள், இப்போது ரஷ்ய மொழியில் கோள் மூட்டுபவன். ஆனால் அரசனைக் குறிக்கும் கினியாஸ் என்ற சொல்லையும் வைக்கிங் கணக்கில் சேர்ப்பது தவறு. அது ஜெர்மானிய மூலம் உடையதுதான், ஆனால் வைக்கிங்குகளுக்குப் பல நூற்றாண்டு முன்பே எல்லாச் சிலாவிய மொழிகளுக்கும் பொதுவாக வந்துவிட்டது. எதிர்த்திசையிலும் சொற்கள் போயின. சுவீடனில் இன்றும் சந்தைச் சதுக்கத்துக்குத் தோர்க் என்றும் மொழிபெயர்ப்பாளனுக்குத் தோல்க் என்றும் சொல்கிறார்கள், இரண்டும் சிலாவியரிடம் வாங்கியவை. சந்தைக்கும் பேச்சுக்கும் சொல் கொடுத்தவன் நாகரிகம் தெரியாதவன் என்று யார் சொல்ல முடியும்?

மணிமுத்தாறு:
அப்படியானால் எந்தக் கட்டத்தில் ரூஸ் என்றால் சுவீடன்காரன் என்பது போய் உள்ளூர்க்காரன் என்று ஆனது? அதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா? பிள்ளை இதைத்தான் அடுத்துக் கேட்பாள்.

நெய்தல்நிலவன்:
உண்டு, சட்டத்திலேயே. யாரோஸ்லாவ் காலத்தில், அதாவது 11ஆம் நூற்றாண்டில், எழுதத் தொடங்கிய ரூஸ்கயா பிராவ்தா என்ற சட்டத்தொகுப்பில் ரூசின், அதாவது ரூஸ் நாட்டுக்காரன், ஒரு பக்கம், வரேகியன் இன்னொரு பக்கம். அடிபட்டு வழக்குக்கு வருபவன் சாட்சி கொண்டுவர வேண்டும், ஆனால் வரேகியனோ, கொல்பியாகன் என்ற இன்னொரு வகை அயலானோ வந்தால் சத்தியம் செய்தால் போதும் என்கிறது, வெளியூரில் அவனுக்குச் சாட்சிக்கு ஆள் கிடைக்காது என்பதால் இருக்கலாம். பாருங்கள், 839இல் ரோஸ் என்றாலே சுவீடன். ஏறக்குறைய 200 ஆண்டில் கடல் தாண்டி வருபவன் அயலான், ரூஸ் என்பவன் ஊர்க்காரன். இத்தனைக்கும் யாரோஸ்லாவ் மணந்திருந்தது சுவீடன் அரசர் ஊலோவின் மகள் இங்கெகெர்தை.

மேகலா:
ரூரிக்கின் தம்பிகள் என்று இரண்டு பேர் வருகிறார்களே, சினேயுஸ், த்ருவோர். அவர்கள் ஆட்களே இல்லை, "தன் வீடு", "நம்பிக்கையான படை" என்ற சொற்களைத் துறவிகள் தப்பாகப் பெயரென்று எழுதிவிட்டார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

நெய்தல்நிலவன்:
அந்த விளக்கம் மிகப் பிரபலம், ஆனால் ஸ்காண்டிநேவிய இலக்கணப்படி அந்தச் சொற்றொடர்கள் அப்படி அமையாது. பெயர்களாகவே எடுத்துக்கொண்டால் சிக்ன்யோத், தோர்வார்த் என்று பொருந்துகின்றன. அந்த இரண்டு பேர் உண்மையில் இருந்தார்களா என்பது தனிக் கேள்வி, மூன்று சகோதரர்கள் நாடு அமைக்கும் கதை பல நாடுகளில் இருக்கிறது.

பழைய வாசகர்:
பெயர் விஷயத்தில் ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். ரூஸ் என்றால் இன்றைய ரஷ்யா மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், எங்கள் பழைய புத்தகங்களும் அப்படித்தான் எழுதின. தலைநகர் கீவ். மாஸ்கோவின் பெயர் ஏட்டில் முதலில் வருவதே 1147இல். பெலாரூஸ் என்ற பெயரிலும் அதே ரூஸ் இருக்கிறது. ரசீயா என்ற வடிவம் கிரேக்கர்கள் எழுதிய ரோசியாவில் இருந்து வந்தது, கான்ஸ்டன்டைன் அந்தச் சொல்லைக் கீவ் நாட்டுக்குத்தான் பயன்படுத்தினார். பேரரசுக்கு அந்தப் பெயரை ரஷ்ய மன்னர் பீட்டர் சூட்டியது 1721இல். தமிழில் நாம் ரகரத்துக்கு முன்னால் உகரம் சேர்த்து உருசியா என்று எழுதுவதைப் பார்க்கும்போது, ஒவ்வொரு மொழியும் தன் வாய்க்கு ஏற்ப இந்தப் பெயரை எப்படி வாங்கிக்கொண்டது என்று இப்போது இன்னும் நன்றாகப் புரிகிறது. நெய்தல்நிலவன் தம்பிக்கு நன்றி, என் எண்ணம் ஓரளவு மாறியிருக்கிறது.

மணிமுத்தாறு:
எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். தூங்காதே என்ற பாறையின் பெயரைத்தான் நாலு தடவை சொல்லச் சொன்னாள். ஒரே ஒரு கேள்வி பாக்கி வைத்திருக்கிறாள்: அந்த ஆட்களே தங்கள் கையால் எழுதியது எதுவும் அந்த நாட்டில் கிடைத்திருக்கிறதா?

தூரத்துப்பறவை:
கிடைத்திருக்கிறது என்று சொல்லுங்கள் அக்கா. தினீப்பர் கருங்கடலில் சேரும் வாய்க்கு அருகே பெரெசான் என்று ஒரு சின்னத் தீவு. 1905இல் அங்கே ஒரு மண்மேட்டைத் தோண்டும்போது ரூன் எழுத்து வெட்டிய கல் வந்தது, இருப்பது ஒரே வரி. கிரானி என்பவன் தன் கூட்டாளி கார்லுக்காக இந்தக் கல்லறையைச் செய்தான் என்று எழுதியிருக்கிறது. வழித்துணையாக வந்தவன் அந்தத் தீவில் இறந்திருக்கிறான், இன்னொருவன் கல் தேடி வெட்டி வைத்துவிட்டுப் படகேறியிருக்கிறான்.